வேட்டை ரைபிளின் குழலைக் கட்டையில் படாமல் விட்டால் குறி கூடுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழலைக் கட்டையில் படாமல் விடுவது என்றால் என்ன?

ரைபிளின் இரும்புப் பாகங்கள் மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன கட்டைக்குள் அமர்ந்திருக்கின்றன. தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி அடைக்கும், கையால் இயக்கும் உருளைக்குப் போல்ட் என்று பெயர். அந்தப் போல்ட் ஓடுகிற கூட்டுக்கு ரிசீவர் என்று பெயர். அதைப் பெரும்பாலும் இரண்டு திருகாணிகள் கட்டையோடு இறுக்கிப் பிடிக்கின்றன. குழல் அந்த ரிசீவரின் முன்வாயில் மரையால் பொருத்தப்பட்டு, முன்கட்டையில் குடைந்த பள்ளத்தின் மேலாக நீண்டு கிடக்கிறது. அந்தப் பள்ளத்தின் அடியிலோ இரு சுவர்களிலோ குழல் எங்கும் தொடாதபடி இடைவெளி விட்டால், குழலை விடுவித்தாயிற்று. அதன் பிறகு குழலைத் தாங்குவது ரிசீவர் மட்டுமே.

நேராகச் சொல்லுங்கள், குறி கூடுமா?

பெரும்பாலான போல்ட் ரைபிள்களில் கூடும். ஆனால் கூடுவது எது என்பதைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். ஐந்து குண்டுகள் ஒன்றுக்கொன்று நெருங்கி விழுவது ஒரு துல்லியம். போன மாதம் சரிபார்த்து வைத்த இடத்திலேயே இன்றைய முதல் குண்டும் விழுவது இன்னொரு துல்லியம். குழலை விடுவிப்பதால் முதலாவது சில ரைபிள்களில் நன்றாகக் கூடும், சிலவற்றில் கொஞ்சமும் மாறாது, அரிதாகச் சிலவற்றில் குறைந்தும் போகும். இரண்டாவது, அதாவது நிலைத்திருக்கும் குறி, ஏறக்குறைய எல்லா ரைபிளிலும் மேம்படும். வேட்டைக்காரருக்கு உண்மையில் வேண்டியது இந்த இரண்டாவதுதான். காட்டில் கிடைப்பது குளிர்ந்த குழலிலிருந்து ஒரே ஒரு வெடி.

கட்டை சற்றே தொட்டால் என்ன கெட்டுவிடும்?

விசையை இழுத்து, ஊசி அடித்து, மருந்து பற்றிய பின் குண்டு குழலை விட்டு வெளியேற ஏறக்குறைய 1 முதல் 1.5 மில்லி விநாடி ஆகிறது. அந்தக் கண நேரத்துக்குள் குழல் அமைதியாக இருப்பதில்லை. வெடிப்பின் அழுத்தமும், பின்னுதைப்பும், குழலுக்குள் வெட்டிய சுருள் புரிகளில் திருகிக்கொண்டு ஓடும் குண்டும் சேர்ந்து அதைச் சாட்டை போலத் துடிக்க வைக்கின்றன. அந்தத் துடிப்பில் குழல் வாய் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது குண்டு வெளியேறுகிறதோ, அந்தப் பக்கம் அது போகிறது.

துடிப்பு இருப்பது தவறில்லை. எவ்வளவு தடித்த குழலும் துடிக்கத்தான் செய்யும். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி துடிக்க வேண்டும், அவ்வளவுதான். கட்டை ஓரிடத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் துடிப்பு அந்த இடத்தில் தடைபடும். அந்தத் தொடுகை நாளுக்கு நாள் மாறாமல் இருந்தால்கூடப் பெரிய கேடு இல்லை. ஆனால் மரம் மாறாமல் இருப்பதில்லை. ஈரக் காற்றில் ஊதும், வெயிலில் சுருங்கும், சற்றே முறுக்கிக்கொள்ளும். கைப்பிடியின் இறுக்கம், தோள்வாரின் இழுப்பு, முன்கட்டையை வைத்துச் சுட்ட மணல் மூட்டையின் இடம் என எல்லாம் சேர்ந்து அந்தத் தொடுகையை மாற்றிக்கொண்டே இருக்கும்.

எவ்வளவு சின்ன மாற்றம் இலக்கில் தெரியும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ரிசீவரிலிருந்து 30 செ.மீ. தள்ளி முன்கட்டை குழலைத் தொடுவதாக வைத்துக்கொள்வோம். கட்டை ஊதி, அந்த இடத்தில் குழலை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய ஒரு தடித்த தலைமுடியின் கனம், தள்ளிவிடுகிறது. ஒரு முனை பிடிக்கப்பட்ட கம்பி வளையும் கணக்குப்படி, அந்த இடத்தில் குழலின் சாய்வு 2000-த்தில் ஒரு பங்கு மாறும். 100 மீட்டரில் அது 5 செ.மீ. ஆகிவிடுகிறது. வெடிக்கும்போது எழும் துடிப்பை இந்தக் கணக்கு சேர்த்துக்கொள்ளவில்லை. ஆனாலும் ஒரு தலைமுடி அளவு விலகல் தொலைவில் எவ்வளவு பெரிதாகிறது என்பதற்கு இது போதும்.

நான் கண்ணால் பார்த்ததும் இதுவே. நெடுநாள் ஒழுங்காகச் சுட்டுக்கொண்டிருந்த ஒரு வால்நட் மரக் கட்டை ரைபிள், ஒரு வார மழைக்குப் பிறகு இடப்பக்கமாக அடிக்கத் தொடங்கியது. குண்டுகள் முன்போலவே நெருங்கித்தான் விழுந்தன, ஆனால் முழுக் கூட்டமும் 6 செ.மீ. இடம்பெயர்ந்திருந்தது. குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பைத்தான் முதலில் சந்தேகித்தேன். அதைப் பிடிக்கும் வளையங்களைக் கழற்றிப் பூட்டியும் பயனில்லை. கடைசியில் கட்டையைக் கழற்றிப் பார்த்தபோது, பள்ளத்தின் வலச் சுவரில், நுனியிலிருந்து மூன்று விரல் தள்ளி, ஒரு நகத்தளவு இடம் மட்டும் பளபளவென்று மெருகேறியிருந்தது. சுற்றிலும் மரம் மங்கலாக இருந்தது. குழல் உரசி உரசித் தேய்த்த இடம் அது. வலச் சுவர் ஊதிக் குழலை இடப்பக்கம் தள்ளியிருக்கிறது. அந்த நகத்தளவு மரத்தைத் தேய்த்தெடுத்து, வெற்று மரத்துக்கு வார்னிஷ் பூசிய பிறகு கூட்டம் பழைய இடத்துக்குத் திரும்பியது.

அப்படியானால் தயாரிப்பாளர்களே முன்கட்டை நுனியில் வேண்டுமென்று மேடு வைத்து அழுத்துகிறார்களே?

வைக்கிறார்கள். ரெமிங்டன் 700 ரைபிளின் மெல்லிய குழல் கொண்ட வகைகள் பலவற்றில், முன்கட்டை நுனியில் குழலை மேல்நோக்கித் தாங்கும் சிறு மேடு உண்டு. பிரிட்டனின் லீ-என்ஃபீல்டு எண் 4 ராணுவ ரைபிளிலும் முன்கட்டை குழலைச் சில பவுண்டு விசையோடு மேலே தாங்கும்படி பொருத்துவார்கள். அந்த விசை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது ராணுவப் பழுதுபார்ப்பவரின் வேலைகளில் ஒன்று.

இதற்குக் காரணம் இருக்கிறது. மெல்லிய குழல் அதிகமாகத் துடிக்கும். ஓரிடத்தில் மிதமாகத் தாங்கினால் துடிப்பு அடங்கும், குண்டுகள் நெருங்கும். புதுக் கட்டையில், அளவான ஈரத்தில், இது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அந்தத் தாங்கலை ஆண்டுக்கணக்கில் அதே அளவில் காப்பாற்ற ஆள் வேண்டும். ராணுவத்தில் அந்த ஆள் இருந்தார். வீட்டு அலமாரியில் ஒன்பது மாதம் கிடக்கும் ரைபிளுக்கு அவர் இல்லை. அதே லீ-என்ஃபீல்டை 7.62 மி.மீ. தோட்டாவுக்கு மாற்றி எல்42ஏ1 என்ற குறிசுடுவோர் ரைபிளாக்கியபோது, தடித்த குழலை வைத்து, முன்கட்டையைக் குட்டையாக வெட்டி, குழலைத் தொடாமல் விட்டார்கள். இந்த மாற்றத்தை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஒரே ரிசீவர் குடும்பம், துல்லியம் மட்டுமே நோக்கமான வடிவம் என்று வந்ததும் தாங்கலைக் கைவிட்டிருக்கிறார்கள்.

பழைய வின்செஸ்டர் 70 ரைபிள்கள் பலவற்றில், குழலையே முன்கட்டையோடு பிணைக்கும் ஒரு திருகாணி இருந்தது. எஃகு சூடானால் நீளும். 60 செ.மீ. குழல் 50 டிகிரி செல்சியஸ் சூடேறினால் மூன்றில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேலாக நீளும். ரிசீவரிலும் முன்கட்டையிலும் இரு முனையைக் கட்டிப்போட்டால் அந்த நீளம் எங்கே போகும்? குழல் வளைய முயலும். அந்த வகை ரைபிள் வைத்திருந்தவர்கள் பலர் அந்தத் திருகாணியைத் தளர்த்தியோ கழற்றியோ சுட்டுப் பார்த்ததற்கு இதுதான் காரணம்.

முழு நீளத்துக்கும் குழலைக் கட்டையில் பதிய வைத்துச் சிறப்பாகச் சுடும் ரைபிள்கள் இல்லையா?

இருக்கின்றன. அமெரிக்காவில் மெல்வின் ஃபோர்ப்ஸ் உருவாக்கிய அல்ட்ரா லைட் ரைபிள்கள் அப்படிப்பட்டவை. மிக எடை குறைந்த அந்த ரைபிள்களில் குழல் நுனிவரை கட்டையில் ஒட்டிப் பதிந்திருக்கும், துல்லியத்துக்கும் பெயர் பெற்றவை. ஆனால் அந்தக் கட்டை மரமல்ல. கெவ்லார் என்ற வலுவான செயற்கை இழையும் கார்பன் இழையும் கலந்து செய்த, ஈரத்தில் ஊதாத, வளையாத கட்டை. தொடுகை நாள்தோறும் மாறாமல் இருக்கிறது, ஆகவே குறியும் மாறவில்லை. குழலைத் தொடாமல் விடுவதும் அந்த மாறாமையைப் பெறும் வழிகளில் ஒன்றுதான். சாதாரண மரக்கட்டை, சாதாரண பிளாஸ்டிக் கட்டை வைத்திருப்பவருக்கு அதுவே எளிய வழி.

இடைவெளி எவ்வளவு வேண்டும்?

ஒரு காகிதத் தாள் நுழைந்தால் போதும் என்று பலர் சொல்வார்கள். நான் அதை ஏற்க மாட்டேன். தாளின் கனம் பத்தில் ஒரு மில்லிமீட்டர்தான். வெடிக்கும்போது குழல் துடிக்கிறது, முன்கட்டையும் வளைகிறது. ஓய்வில் தொடாத குழல் வெடியில் போய்த் தட்டும். எப்போதாவது மட்டும் தட்டினால் அது எப்போதும் தொடுவதைவிட மோசம். சுற்றிலும் ஒரே சீராக 1.5 முதல் 2 மி.மீ. விடுங்கள். வெளியிலிருந்து பார்க்க அழகு சற்றுக் குறையும், தாங்கிக்கொள்ளலாம்.

பிளாஸ்டிக் கட்டைக்கு இன்னொரு சோதனை. ரைபிளில் தோட்டா இல்லை என்பதை குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறையையும் தோட்டாப் பெட்டியையும் பார்த்து உறுதி செய்துகொண்டு, ஒரு கையால் குழலையும் முன்கட்டை நுனியையும் சேர்த்துப் பிடித்து அழுத்துங்கள். விலை குறைந்த வார்ப்புக் கட்டைகளில் இடைவெளி முழுதாக மூடிக்கொள்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இருகால் தாங்கியில் வைத்து முன்னோக்கி அழுந்திச் சுடுபவருக்கும், தோள்வாரைக் கையில் சுற்றி இறுக்கிச் சுடுபவருக்கும் நடப்பது அதுவே. முதலில் அந்தக் கட்டையை மாற்றுங்கள், அல்லது முன்கட்டையின் உள் அறைகளில் எபாக்சி என்ற இறுகும் பசையை நிரப்பி விறைப்பாக்குங்கள்.

மரத்தைத் தொடாமலே முன்கூட்டிச் சோதிக்க முடியுமா?

முடியும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். தேய்த்தெடுத்த மரம் திரும்ப வராது.

முதலில் இருக்கிறபடியே சுட்டு, இலக்குத் தாள்களைத் தேதியிட்டு எடுத்து வையுங்கள். பிறகு கட்டையைக் கழற்றி, ரிசீவரின் முன் திருகாணி அமரும் இடத்தில், அட்டையிலோ மெல்லிய உலோகத் தகட்டிலோ ஒரு சிறு துண்டு வெட்டி, திருகாணிக்குத் துளையிட்டு வைத்து மறுபடி இறுக்குங்கள். ரிசீவரின் முன்பக்கம் சற்றே எழும்பும், அதோடு குழலும் பள்ளத்திலிருந்து எழும்பும். இது தற்காலிக விடுவிப்பு. போல்ட் தடையின்றி ஓடுகிறதா, திருகாணிகளின் மரை போதிய அளவு பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதே தோட்டா வகையில் மறுபடியும் சுட்டு ஒப்பிடுங்கள். முன்னேற்றம் தெரிந்தால் உளியை எடுக்கலாம்.

எதிர்த்திசையிலும் இது உதவும். விடுவித்த பின் குண்டுகள் சிதறினால், முன்கட்டை நுனியில் குழலுக்கு அடியில் அட்டைத் துண்டு ஒன்றைச் செருகிச் சுட்டுப் பாருங்கள். மெல்லிய குழல்கள் சில அந்தத் தாங்கலைத்தான் விரும்பும். அப்படித் தெரிந்தால் அந்த இடத்தில் எபாக்சியால் நிலையான மேடு ஒன்று வார்த்துவிடலாம்.

விடுவிக்கும் வேலையை எப்படிச் செய்வது?

தோட்டா இல்லை என்று உறுதி செய்து, போல்டை வெளியே எடுத்து, கட்டையைக் கழற்றுங்கள். குழலின் அடியில் விளக்குக் கரியோ சுண்ணப் பொடியோ பூசி மறுபடி பொருத்திக் கழற்றினால், தொடும் இடங்கள் பள்ளத்தில் அச்சாகப் பதிந்திருக்கும். பள்ளத்தைவிடச் சற்று மெல்லிய உருளைக் கம்பு ஒன்றில் மணல் தாளைச் சுற்றி அந்த இடங்களைத் தேயுங்கள். கொஞ்சம் தேய்ப்பது, பொருத்திப் பார்ப்பது, மறுபடி தேய்ப்பது. அவசரப்பட்டால் ஒரு பக்கச் சுவர் மெலிந்துபோகும்.

தேய்த்து முடித்த அன்றே வெற்று மரத்துக்கு வார்னிஷ் அல்லது பாலியூரிதேன் இரண்டு மூன்று பூச்சு கொடுங்கள். இதை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். திறந்த மரம் ஈரத்தை முன்னைவிட வேகமாகக் குடிக்கும், தேய்த்த பயன் இரண்டு மழைக்காலத்தில் போய்விடும். குழலிலோ ரிசீவரிலோ கை வைக்கத் தேவையில்லை, வைக்கவும் கூடாது. அது உரிமம் பெற்ற துப்பாக்கித் தொழிலாளியின் வேலை.

விடுவித்தால் மட்டும் போதுமா, பெட்டிங்கும் வேண்டுமா?

ரிசீவர் அமரும் இடத்தைக் கட்டையில் எபாக்சி வார்த்து அச்சுப் போலப் பதிய வைப்பதை பெட்டிங் என்பார்கள். என் கருத்தில் இரண்டும் ஒரே வேலையின் இரு பாதிகள். குழலை விடுவித்த பிறகு அதன் முழு எடையும் துடிப்பும் ரிசீவரின் மேல் விழுகிறது. ரிசீவர் கட்டையில் ஆடினால் விடுவித்த குழல் அந்த ஆட்டத்தை மறைக்காமல் இலக்கில் காட்டும். முன்பு முன்கட்டை நுனி அதை ஓரளவு மறைத்துக்கொண்டிருந்தது.

ஆட்டம் இருக்கிறதா என்று அறிய, முன் திருகாணியை மெல்லத் தளர்த்தி இறுக்குங்கள். அப்போது குழலுக்கும் முன்கட்டைக்கும் நடுவே விரல் நுனியை வைத்திருங்கள். இடைவெளி விரிந்து சுருங்குவது விரலுக்குத் தெரிந்தால் ரிசீவர் சமமாக அமரவில்லை, திருகாணி அதை வளைத்துத்தான் உட்கார வைக்கிறது. பெட்டிங் செய்யும்போது, பின்னுதைப்பைத் தாங்கும் முளையின் பின்முகம் மட்டும் எபாக்சியில் இறுக்கமாகப் பதிய வேண்டும். முன்முகத்திலும் பக்கங்களிலும் அடியிலும் நாடா ஒட்டிச் சற்று இடம் விடுவார்கள். மரக்கட்டையில் திருகாணிகள் ஓடும் துளைகளுக்குள் அலுமினியக் குழாய்த் துண்டுகளைப் பதித்துவிட்டால், மரம் நசுங்கி இறுக்கம் தளரும் தொல்லையும் நின்றுவிடும். குழல் மிகக் கனமானதென்றால், ரிசீவருக்கு முன்னால் இரண்டு மூன்று செ.மீ. தூரம் பெட்டிங்கில் தாங்கவிட்டு, அதற்கு அப்பால் விடுவிப்பது வழக்கம்.

விடுவித்தும் பயன் தெரியவில்லை. ஏன்?

நோய் வேறிடத்தில் இருக்கலாம். தளர்ந்த ஸ்கோப் வளையங்கள், அடிபட்ட குழல் வாய் விளிம்பு, செம்புப் படிவு, அந்தக் குழலுக்கு ஒவ்வாத தோட்டா ஆகிய எதையும் கட்டையைத் தேய்த்துக் குணப்படுத்த முடியாது. குழல் சூடேறச் சூடேறக் குண்டுகள் ஒரே திசையில் வரிசையாக நகர்ந்தால், விடுவிப்பதற்கு முன்பு கட்டையைச் சந்தேகிக்கலாம். விடுவித்த பின்னும் அதே நகர்வு தொடர்ந்தால், குழலின் எஃகில் தயாரிப்பின்போது தங்கிய உள் இறுக்கம் சூட்டில் அதை வளைப்பதாக இருக்கலாம். வேட்டைக்கு அதனால் பெரிய கேடில்லை. குளிர்ந்த குழலில் முதல் இரண்டு குண்டுகள் சரியாகப் போனால் அந்த ரைபிள் நல்ல ரைபிள்.

மூன்று குண்டுகள் சுட்டேன், கூட்டம் பாதியாகக் குறைந்துவிட்டது. போதுமல்லவா?

போதாது. மூன்று குண்டுக் கூட்டம் தற்செயலால் மிகவும் ஏறி இறங்கும். ஒரே ரைபிளில் பத்துக் குண்டுக் கூட்டத்தின் சராசரி அகலம், மூன்று குண்டுக் கூட்டத்தின் சராசரியைப் போல ஒன்றரை மடங்குக்கும் சற்று அதிகம். ரைபிள் மாறவில்லை, எண்ணிக்கைதான் மாறியது. முன்னும் பின்னும் ஐந்து ஐந்து குண்டுகளாகத் தலா நான்கு கூட்டங்களாவது, ஒரே வகைத் தோட்டாவில், குழலை ஆறவிட்டு ஆறவிட்டுச் சுட்டு, சராசரிகளை ஒப்பிடுங்கள். மிகச் சிறிய கூட்டத்தை மட்டும் பாதுகாத்து மற்றத் தாள்களைக் கிழித்தெறியாதீர்கள்.

அரைத் தானியங்கி, லீவர் வகை ரைபிள்களுக்கு?

விசைக்குப் பக்கத்திலுள்ள நெம்புகோலை இழுத்துத் தோட்டா ஏற்றும் லீவர் ரைபிளில் பெரும்பாலும் தோட்டாக் குழாயும் வளையங்களும் குழலோடு பிணைந்தவை. அதை முழுதாக விடுவிக்க முடியாது. பிணைப்புகள் இறுகி நெருக்காமல் பார்த்துக்கொள்வதே செய்யக்கூடியது. ஏஆர்-15 என்ற அரைத் தானியங்கி ரைபிள் வகையில் கதை வேறு. அதன் சாதாரணக் கைப்பிடி உறை குழலைத் தொட்டு நிற்பதால், தோள்வாரை இறுக்கினாலே குண்டு விழும் இடம் நகரும். ரிசீவரில் மட்டும் பொருந்தும் உறைக்கு மாற்றினால் அந்த நகர்வு பெரும்பாலும் நின்றுவிடும்.

மழையிலும் பனியிலும் அந்த இடைவெளி தொல்லை தராதா?

தரும். இடைவெளிக்குள் சேறு, சருகு, சுள்ளி எல்லாம் போய்த் தங்கும். உறைபனியில் நீர் நுழைந்து கட்டியானால் கல் போல அழுத்தும், விடுவித்த குழல் விடுவிக்காத குழலாகிவிடும். மடித்த காகிதத் துண்டு ஒன்றைச் சட்டைப் பையில் வைத்திருந்து, காலையில் கிளம்பும் முன், தோட்டா போடுவதற்கு முன், குழலுக்கு அடியில் நுனியிலிருந்து ரிசீவர் வரை ஓட்டிப் பாருங்கள். சிக்கினால் சுத்தம் செய்துவிட்டுப் புறப்படுங்கள். குழல் விடுவிக்கப்பட்டது என்பதற்காக அதையே பாறையிலோ கிளையிலோ வைத்துச் சுடலாம் என்றும் நினைக்க வேண்டாம். தாங்க வேண்டியது முன்கட்டையை.

வேலை முடிந்த பிறகு என்ன செய்ய வேண்டும்?

குண்டு விழும் இடம் பெரும்பாலும் மாறியிருக்கும், ஸ்கோப்பைப் புதிதாகச் சரிசெய்யாமல் வேட்டைக்குப் போகக் கூடாது. திருகாணிகளை ஒவ்வொரு முறையும் ஒரே இறுக்கத்தில் பூட்ட, அளவு காட்டும் திருப்புளி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு ஒரே இலக்குத் தாளை எடுத்து, சுடுதளத்துக்குப் போகும் ஒவ்வொரு நாளும் குளிர்ந்த குழலிலிருந்து முதல் குண்டை மட்டும் அந்தத் தாளில் சுட்டு, துளைக்குப் பக்கத்தில் தேதியையும் அன்று மழையா வெயிலா என்பதையும் எழுதி வையுங்கள். மழைநாள் துளைகளும் வெயில்நாள் துளைகளும் கலந்து ஒரே இடத்தில் இருந்தால் வேலை முடிந்தது. இரண்டும் தனித்தனியாகப் பிரிந்து நின்றால், கட்டை இன்னும் எங்கோ தொடுகிறது. கரியைப் பூசி மறுபடி தேடுங்கள்.